முக்காலே மூணு வீசம்

எம்-த்ரீ தேர்வு முடிவு வந்த வாரத்தில் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிவிடும். பொறியியல் பிள்ளைகளின் மூன்றாம் செமஸ்டர் கணக்குத்தான் எம்-த்ரீ. அதில் தவறினால் ‘கே.டி. லகா’ என்று சொல்வார்கள். அடுத்த செமஸ்டர் பாடங்களோடு இதையும் தோளில் சுமந்து திரும்ப எழுத வேண்டும். நவி மும்பையில் எங்கள் நெருளில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. எஸ்.ஐ.இ.எஸ்., டெர்னா, ராம்ராவ் ஆதிக் எல்லாம் ஆட்டோவில் சில நிமிடத் தூரம். அதனால் கே.டி. பிள்ளைகளுக்கும் குறைவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாலையில் வருவார்கள், இவர்கள் இரவில்.

வந்ததும் எல்லாரும் ஒரே வியாதியைத்தான் சொல்வார்கள். “மேம், லாப்லாஸ் எல்லாம் தெரியும். பார்ஷியல் ஃபிராக்‌ஷன்லதான் மாட்டுது. ஏ, பி கண்டுபிடிக்க வரல.”

நான் மறுத்துப் பேச மாட்டேன். ஒரு கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வருவேன். திரும்பி வந்து பார்த்தால் ஏ, பி இரண்டையும் ஒழுங்காகத்தான் கண்டுபிடித்திருப்பார்கள். தப்பு அதற்கு முந்தின வரியில் இருக்கும். எந்த வடிவத்தில் பிரிக்க வேண்டும் என்று எழுதிய வரி அது. வடிவம் தப்பாக இருந்தால் அதற்குப் பிறகு எவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போட்டும் பயனில்லை. மாட்டுங்காவில் தொடங்கி நெருள் வரை இந்தத் தொழிலில் நான் பார்த்த பகுதிப் பின்னத் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைச் சேர்ந்தவை. மதிப்பெண் போவது ஏ, பி-யில் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெற்றோரும் அப்படியே நம்பி, ‘இன்னும் நிறைய சம் போடச் சொல்லுங்க’ என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

படிக்க வசதியாக இந்தக் கட்டுரையில் எக்ஸ் என்பதை ‘ய’ என்றும், ஏ, பி, சி என்பவற்றை அ, ஆ, இ என்றும் எழுதுகிறேன்.

முதல் நாள் நான் எதையும் பிரிக்கச் சொல்வதில்லை. கூட்டச் சொல்வேன். 2/(ய−1), 3/(ய+2) இரண்டையும் கூட்டு. பகுதிகளைப் பெருக்கி, தொகுதிகளைக் குறுக்காகப் பெருக்கிக் கூட்டினால் (5ய+1)/((ய−1)(ய+2)) என்று வரும். எட்டாம் வகுப்புக் கணக்குதான். பொறியியல் பையனுக்கு இதைக் கொடுத்தால் முகம் சுளிப்பான். பிறகு பலகையில் முதல் வரியை அழித்துவிட்டு, கடைசி வரியை மட்டும் விட்டுவைத்து, “இது எங்கேருந்து வந்துச்சுன்னு நீ பாக்கலைன்னு வெச்சுக்கோ. இப்ப 2-ம் 3-ம் எங்க ஒளிஞ்சிருக்கு?” என்பேன். பகுதிப் பின்னம் என்பது முழுக்க இந்தக் கேள்விதான். கூட்டியவர் போய்விட்டார், கூட்டுத்தொகை மட்டும் இருக்கிறது, கூட்டப்பட்டவை எவை?

கூட்டலிலிருந்து தொடங்கினால் இன்னொரு லாபம் உண்டு. தனித்தனிப் பின்னம் ஒவ்வொன்றிலும் தொகுதி பகுதியைவிடப் படி குறைந்ததாக இருந்தால், கூட்டி வருவதிலும் அப்படியே இருக்கும் என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். அப்படி இல்லாத தகா பின்னத்தை ஏன் முதலில் வகுக்க வேண்டும் என்பதைத் தனியாக ஒரு விதியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இனி மறைக்கும் வித்தை. கோச்சிங் கிளாஸ்களில் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள். (5ய+1)/((ய−1)(ய+2)) என்பதில் (ய−1) என்பதைக் கையால் மறைத்துக்கொள். மீதி இருப்பதில் ய-க்கு 1 போடு. 6/3, அதாவது 2. அதுதான் அ. இப்போது (ய+2)-ஐ மறை. ய-க்கு −2 போடு. −9/−3, அதாவது 3. அதுதான் ஆ. பத்து வினாடியில் முடிந்தது. வகுப்பு கைதட்டும்.

ஆலிவர் ஹெவிசைடு என்பவர் பெயரில் வழங்கும் முறை இது. லண்டனில் பிறந்தவர், பல்கலைக்கழகத்தில் கால் வைத்ததில்லை, தந்தி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1874-ல் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்து மின்சுற்றுக் கணக்குகளைப் போட்டார். வகைக்கெழுச் சமன்பாடுகளைச் சாதாரண இயற்கணிதம் மாதிரி நடத்திவிட்டு, கடைசியில் வரும் பெரிய பின்னத்தைத் துண்டாக்கி விடை சொல்வார். அன்றைய கணித வல்லுநர்களுக்கு அவர் முறை பிடிக்கவில்லை. நிரூபணம் எங்கே என்று கேட்டார்கள். இன்று எம்-த்ரீயில் பிள்ளைகள் லாப்லாஸ் உருமாற்றம் என்ற பெயரில் படிப்பது பெரும்பாலும் அவர் வழியில் வந்ததுதான்.

நான் பிரசவத்துக்கு முன்னால் மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு கிளாஸில் உதவி ஆசிரியையாக இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே மூத்த சார் ஒருவர் இந்த வித்தையைப் பிரமாதமாகக் காட்டுவார். உள்ளங்கையைப் பலகையில் பொத்தென்று வைத்து, “இதை மறை, அதைப் போடு, விடை ரெடி” என்பார். கை எடுத்தால் பலகையில் சுண்ணக்கட்டி அச்சு இருக்கும். தாராவியிலிருந்து ஒரு பையன் வருவான். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து நடந்தே வருவான். திருநெல்வேலிக் குடும்பம், ஏழாம் வகுப்பு வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. அவன் ஒரு நாள் எழுந்து நின்று கேட்டான்.

“சார், ய-க்கு 1 போட்டா பகுதி பூச்சியம் ஆயிடுதே. பூச்சியத்தால வகுக்கக் கூடாதுன்னு எங்க டீச்சர் சொல்லிருக்காங்க. எப்படிப் போடலாம்?”

சாருக்குத் தமிழ் தெரியும். ஆனால் அன்றைக்குத் தெரியாத மாதிரி இருந்துவிட்டார். “எக்ஸாம்ல இதெல்லாம் கேக்க மாட்டான், உக்காரு” என்று ஆங்கிலத்தில் சொன்னார். வகுப்பு சிரித்தது. பையன் உட்கார்ந்தான்.

வகுப்பு முடிந்ததும் அவனை மாடிப்படியில் நிறுத்திப் பேசினேன். அவன் கேட்டது நூற்றுக்கு நூறு சரியான கேள்வி. பின்னமாக இருக்கும்போது ய-க்கு 1 போடவே முடியாது. அதனால் பின்னமாக விட்டுவைக்கக் கூடாது. இரண்டு பக்கத்தையும் (ய−1)(ய+2)-ஆல் பெருக்கிவிடு. 5ய+1 = அ(ய+2) + ஆ(ய−1). இப்போது பகுதியே இல்லை. இந்தச் சமன்பாடு 1, −2 என்ற இரண்டு இடங்களைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் உண்மை என்பது நமக்குத் தெரியும். ஆனால் இருபுறமும் இருப்பவை ஒருபடிக் கோவைகள். ஒருபடிக் கோவைகள் இரண்டு, இரண்டே இடத்தில் ஒத்துப்போனால் போதும், எல்லா இடத்திலும் ஒத்துப்போக வேண்டும். வேறு வழி அவற்றுக்குக் கிடையாது. இங்கேயோ கணக்கற்ற இடங்களில் ஒத்துப்போகின்றன. அப்படியானால் விட்டுப்போன 1-லும் −2-லும் ஒத்துப்போகத்தானே வேண்டும்? ஆகையால் இப்போது தாராளமாக 1 போடலாம். கை மறைப்பது இந்தப் பெருக்கலைத்தான். மறைக்கிற கைக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் கையை மட்டும் காட்டினால் அது சந்தை வித்தை.

அவன் சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்ப நான் கேட்டது தப்பில்லதான டீச்சர்?” என்றான். தப்பில்லை என்றேன். அந்த வகுப்பிலேயே கணக்குப் புரிந்து படித்தவன் அவன் ஒருவன்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

வாஷிக்கு 1992-ல் கடற்கழி தாண்டி ரயில் வந்தது. அடுத்த ஆண்டு நெருள் வரை நீண்டது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகைக்கு இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, சிட்கோ நகர வளர்ச்சிக் கழகத்தின் வீடு கிடைத்து இந்தப் பக்கம் நகர்ந்தன. நாங்களும் வந்தோம். ஹாலில் ஒரு பலகை மாட்டினேன். கிளாஸ் தொடங்கிவிட்டது. இதைவிட அதிகமாக என் சுயசரிதையில் ஒன்றும் இல்லை.

மறைக்கும் வித்தையை மட்டும் கற்றுக்கொண்டு வரும் பிள்ளைக்கு நான் வைக்கும் முதல் பொறி: ய²/((ய−1)(ய+2)). பட்டென்று மறைத்து, ய-க்கு 1 போட்டு 1/3 என்பான், −2 போட்டு −4/3 என்பான். 1/(3(ய−1)) − 4/(3(ய+2)) என்று அடிக்கோடு போட்டு நிமிர்வான். “இப்ப ரெண்டு பக்கத்துலயும் ய-க்குப் பூச்சியம் போடு” என்பேன். இடப்பக்கம் 0. வலப்பக்கம் −1/3 − 2/3, அதாவது −1. சரியாக ஒன்று குறைகிறது.

இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கக் காரணம், அவன் கண்டுபிடித்த 1/3, −4/3 இரண்டுமே சரி என்பதுதான். மேலேயும் கீழேயும் இருபடி என்பதால் முதலில் வகுத்து ஒரு முழு 1-ஐ வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டான். துண்டுகள் பழுதில்லை, வடிவம் பழுது. ‘ஏ, பி வரல மேம்’ என்று சொன்னவனிடம் அவன் வாக்குமூலத்தையே திருப்பிக் காட்ட இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. பூச்சியம் போட்டுச் சரிபார்க்க ஐந்து வினாடி ஆகும். அந்த ஐந்து வினாடியைச் செலவழிக்கப் பிள்ளைகள் படும் கஞ்சத்தனம் எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. இதே பிள்ளைகள் கைபேசியில் எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்பது வேறு கதை.

அடுத்தது, ஒரே காரணி இரண்டு முறை வருவது. (3ய+1)/(ய−1)². இதை அ/(ய−1) + ஆ/(ய−1) என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆ/(ய−1)² மட்டும் போதும் என்கிறவர்கள் உண்டு. புத்தகத்தில் அ/(ய−1) + ஆ/(ய−1)² என்று இருக்கும், ஏன் என்று இருக்காது. என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இந்தப் பாடத்துக்கு ஐந்து வடிவங்கள் கொண்ட ஓர் அட்டவணை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதைத் தேர்வுக்கு முந்தின இரவு உருப்போடுகிறார்கள், காலையில் மூன்றாவது வரியும் நாலாவது வரியும் இடம் மாறிவிடுகின்றன. அட்டவணையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் பாடத்தின் தொடக்கத்தில் வைத்தது எனக்கு உவப்பில்லை. காரணம் தெரிந்த பிள்ளை அந்த அட்டவணையைத் தானே எழுதிக்கொள்ளும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தக் காரணத்தைச் சொல்ல என்னிடம் ஒரு சுருக்கு வழி இருக்கிறது. “உங்க பாட்டி முக்காலே மூணு வீசம்னு சொல்லிக் கேட்டிருக்கியா?” என்பேன். நெருளில் பிறந்த பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். ‘வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சுது’ என்பது போலக் கிட்டத்தட்ட முழுசும் என்ற அர்த்தத்தில். கணக்காக அது எவ்வளவு என்று கேட்டால் முழிப்பார்கள். வீசம் என்பது பதினாறில் ஒன்று. முக்கால் 3/4, மூணு வீசம் 3/16, கூட்டினால் 15/16. முழுசுக்கு ஒரு வீசம் குறைச்சல்.

இப்போது 15/16-ஐப் பார். பகுதி 16, அதாவது 4². தொகுதி 15-ஐ 4-ஆல் வகு: 15 = 3×4 + 3. ஆகவே 15/16 = 3/4 + 3/16. பாட்டி செய்தது இதுதான். பகுதியில் ஒரு காரணி இரட்டித்து நிற்கிறது. தொகுதியை அந்தக் காரணியால் வகுத்து, ஈவை ஒரு தளத்திலும் மீதியை அடுத்த தளத்திலும் வைத்தாயிற்று. மூணு வீசத்தோடு நின்றதும் தற்செயல் இல்லை. நாலு வீசமானால் அது கால் என்று மேல் தளத்துக்கு ஏறிவிடும். இதையே (3ய+1)/(ய−1)²-க்குச் செய். 3ய+1 = 3(ய−1) + 4. ஆகவே 3/(ய−1) + 4/(ய−1)². அ, ஆ என்று தெரியாதவை எதுவும் வைக்கவில்லை, சமன்பாடு தீர்க்கவில்லை, வகுத்தோம், அவ்வளவுதான். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்தவர்களுக்கு இயற்கணிதம் தெரியாது. ஆனால் இரட்டித்த காரணியை எப்படிப் பிரிப்பது என்பது அவர்கள் வாயில் இருந்தது.

ஒரு குஜராத்திப் பையன், “மேம், எங்களுக்கு என்ன?” என்றான். அவனுக்கு 37/100 = 3/10 + 7/100. தசம எண் எழுதத் தெரிந்த எவனுக்கும் இது தெரியும். ஆனாலும் முக்காலே மூணு வீசத்தில் இருக்கும் ருசி இதில் இல்லை என்பது என் கட்சி.

பிரிக்க முடியாத இருபடிக் காரணி வந்தால் மேலே ஏன் வெறும் எண் போதாது, ‘ஆய + இ’ வேண்டும் என்பதும் இதே வழியில் தீர்ந்துவிடும். இருபடியால் வகுத்தால் மீதியில் ய இருக்க இடம் உண்டு. மீதி எந்த அளவுக்கு வரலாமோ அந்த அளவுக்கு மேலே இடம் விட வேண்டும். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் ‘பிரிக்க முடியாத’ என்று எப்போது முடிவு கட்டுவது என்பதில் பெரியவர்களே தடுக்கி விழுந்திருக்கிறார்கள். தொகைநுண்கணிதத்துக்காக இந்த முறையை 1702-ல் எழுதியவர்கள் இரண்டு பேர், யோஹான் பெர்னூலியும் லைப்னிட்ஸும். எவ்வளவு கோரமான பின்னமானாலும் துண்டாக்கிவிட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு எளிய பின்னமாகவோ, ஒரு மடக்கையாகவோ, ஒரு கோணமாகவோ தொகையிட்டு முடிந்துவிடும் என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு. அப்போது லைப்னிட்ஸுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ய⁴+1 என்பதை மெய்யெண் கொண்ட இருபடிகளாகப் பிரிக்க முடியாது, ஆகவே 1/(ய⁴+1) இந்த முறைக்கு அடங்காது என்று நினைத்தார். நுண்கணிதத்தையே உண்டாக்கியவர்களில் ஒருவர். பிரிக்க முடியும்: ஒரு 2ய²-ஐக் கூட்டிக் கழித்தால் (ய²+1)² − 2ய². இது இரு வர்க்கங்களின் வித்தியாசம், (ய²+√2ய+1)(ய²−√2ய+1). இதை 1719-ல் நிக்கோலஸ் பெர்னூலி எழுதிக் காட்டினார். இடையில் பதினேழு ஆண்டுகள். கூட்டிக் கழிக்கும் அந்த உபாயம் இன்று பதினோராம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. கே.டி. வாங்கிக் குன்றிப்போய் வரும் பிள்ளையிடம் இந்தக் கதையை நான் தவறாமல் சொல்வதுண்டு.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அங்கே பகுதிப் பின்னம் பதினோராம் வகுப்பில் அடிப்படை இயற்கணிதப் பாடத்தில் வருகிறது. இங்கே பன்னிரண்டில் இன்டெக்ரேஷனோடு சேர்த்துத் திணிக்கப்படுகிறது. பிள்ளைக்கு எது இயற்கணிதத் தப்பு, எது தொகையீட்டுத் தப்பு என்றே தெரிவதில்லை. ஓராண்டு முன்னால் தனியாகப் படித்துவிட்டு வருவதன் அருமை, திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வரும் பிள்ளைகளைப் பார்த்தால் தெரியும்.

“இது எதுக்கு மேம் யூஸ் ஆகும்?” என்று கேட்கிறவர்களுக்கு முன்பெல்லாம் மின்சுற்று என்று சொல்லி முடித்துவிடுவேன். இப்போது என் பதில் வேறு. எங்கள் சொசைட்டியில் டிராம்பேயில் அணுசக்தித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா இருக்கிறார். மாலையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். 1956-ல் அப்சரா உலை இயங்கத் தொடங்கிய இடம் டிராம்பே. மும்பைத் தமிழர்களுக்கு, முக்கியமாகச் செம்பூர்க்காரர்களுக்கு, வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலை பார்த்த ஞாபகம் இருக்கும். அவரிடம் என் பாடத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது சிரித்துவிட்டு, “அம்மா, நீங்க சொல்றது எங்களுக்குச் சோறு போட்டது” என்றார்.

அவர் சொன்னது இது. உலையை நிறுத்தியபிறகும் அதில் சேர்ந்திருக்கும் அயோடின்-135 சிதைந்து செனான்-135 ஆகிக்கொண்டே இருக்கும். செனானும் சிதையும், ஆனால் சற்று மெதுவாக. அயோடினின் அரை ஆயுள் ஏறக்குறைய 6.6 மணி நேரம், செனானுக்கு 9.1 மணி நேரம். செனான் நியூட்ரான்களைப் பேராசையோடு விழுங்கும் சரக்கு. ஆகவே நிறுத்திய சில மணி நேரத்தில் செனான் ஏறி, உலையைத் திரும்பத் தொடங்க முடியாத நிலைகூட வரலாம். எவ்வளவு ஏறும், எப்போது இறங்கும்? கணக்கை லாப்லாஸில் எழுதினால் பகுதியில் இரண்டு காரணிகள், ஒன்று அயோடினுக்கு, ஒன்று செனானுக்கு. கையால் மறைத்துத் துண்டாக்கினால் விடை. இப்படிச் சங்கிலியாகச் சிதையும் எத்தனை தனிமங்களுக்கும் பொதுவான விடையை 1910-லேயே ஹாரி பேட்மன் எழுதிவிட்டார். அவர் சூத்திரத்தைப் பார்த்தால் ஒவ்வொரு உறுப்பும் மறைத்துப் போட்ட பின்னமாகவே இருக்கும்.

அன்றிரவே அதை எம்-த்ரீ பிள்ளைகளுக்குக் கணக்காகக் கொடுத்தேன். தொடக்கத்தில் அயோடின் ஒரு பங்கு, செனான் இல்லை என்று வைத்துக்கொண்டால், துண்டுகளின் கெழுக்கள் +3.64, −3.64 என்று வருகின்றன. இருந்ததே ஒரு பங்கு, கெழு மட்டும் மூன்றரைக்கு மேல் எப்படி? பிள்ளைகள் தப்பு என்று அழிக்கப் போனார்கள். தப்பில்லை. இரண்டு பெரிய துண்டுகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு சின்ன விடையைத் தருகின்றன. உச்சம் பதினொரு மணி நேரம் வாக்கில் வருகிறது. இரண்டு அரை ஆயுள்களும் நெருங்க நெருங்கக் கெழுக்கள் பூதாகரமாகிக்கொண்டே போகும். இரண்டும் ஒன்றேயானால் மறைக்கும் வித்தை உடைந்து, இரட்டைக் காரணியின் வடிவம் வந்து நிற்கும், முக்காலே மூணு வீச வடிவம். அன்று ஒரு பெண் நோட்டை மூடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

கடைசியாக, எல்லாரும் கே.டி.யைத் தாண்டிப் போன பிறகும் என்னிடம் தங்கும் ஓரிருவருக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அது கும்பகோணத்திலிருந்து வந்தது.

ராமானுஜன் பள்ளி நாட்களில், 1903 வாக்கில், கார் என்பவர் எழுதிய ஒரு கணிதத் தொகுப்பு நூலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கார் யார் என்பது பலருக்குத் தெரியாது. ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் ஒரு டியூஷன் வாத்தியார். லண்டனில் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி கொடுத்தவர். அதற்காகத் தயாரித்த குறிப்புகள்தான் அந்தப் புத்தகமாயின, முதல் பகுதி 1880-ல் வந்தது. ஆயிரக்கணக்கான முடிவுகள், நிரூபணம் அநேகமாகக் கிடையாது. பகுதிப் பின்னத்துக்கும் அதில் இடம் உண்டு. டியூஷன் என்றாலே உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு திருப்தி.

ராமானுஜனுடைய இரண்டாம் நோட்டுப் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயம் ஒரு சின்னச் சமன்பாட்டோடு தொடங்குகிறது. ம என்பது ஏதோ ஒரு முழு எண். 1/(ம+1) + 1/(ம+2) + … + 1/(2ம) என்ற கூட்டுத்தொகை, ம/(2ம+1) என்பதோடு 1/(2³−2) + 1/(4³−4) + … + 1/((2ம)³−2ம) என்பதைக் கூட்டினால் வருவதற்குச் சமம். ம-க்கு 1 போட்டால் இடப்பக்கம் 1/2, வலப்பக்கம் 1/3 + 1/6. சரி. 2 போட்டால் இருபுறமும் 7/12. சரி. ஏன்?

4³−4 என்பது 60, அதாவது 3×4×5. 6³−6 என்பது 210, அதாவது 5×6×7. எப்போதும் அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கல். அப்படியானால் அது துண்டாகும். 1/60 = ½(1/3) − 1/4 + ½(1/5). அடுத்தது ½(1/5) − 1/6 + ½(1/7). பக்கத்துப் பக்கத்து அரைகள் சேர்ந்து ஒன்றாகின்றன: 1/5 முழுசாகிவிட்டது. எல்லாவற்றையும் கூட்டினால் 1 − 1/2 + 1/3 − 1/4 என்று மாறி மாறிப் போகும் வரிசை வெளியே வருகிறது, இரண்டு ஓரங்களில் மட்டும் ஜோடி சேராத அரைகள் மிஞ்சுகின்றன. அந்த ஓரங்கள்தான் ம/(2ம+1). மாறி மாறிப் போகும் வரிசை 1/(ம+1) முதல் 1/(2ம) வரையிலான கூட்டுத்தொகைக்குச் சமம் என்பது பழைய கணக்கு, பிள்ளையே செய்துகொள்ளும்.

ம-ஐ எல்லையில்லாமல் பெரிதாக்கினால் இடப்பக்கம் 2-இன் இயல் மடக்கையாகிறது, ம/(2ம+1) அரையாகிறது. ஆகவே மடக்கை 2 = 1/2 + 1/6 + 1/60 + 1/210 + 1/504 + … அரைக்குப் பின் நாலு உறுப்பு எடுத்தாலே 0.690. உண்மை மதிப்பு 0.693. மாறி மாறிப் போகும் வரிசையில் நாலு உறுப்பு எடுத்தால் 0.583-தான் கிடைக்கும். பிரித்து அடுக்கி வைத்ததில் இவ்வளவு வேகம்.

அந்த நோட்டுப் புத்தகங்களை 1957-ல் முதன்முதலாக, அவர் கையெழுத்தில் அப்படியே, இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது எங்கள் ஊர் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். நிரூபணங்கள் ஒவ்வொன்றையும் எழுதி முடிக்க அமெரிக்காவில் கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட்டுக்கு ஐந்து தொகுதிகள் ஆயின, 1985 முதல் 1998 வரை. ஆனால் இந்த முதல் கணக்குக்கு அவ்வளவு பெரியவர்கள் வேண்டியதில்லை. நெருளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை அரை மணியில் செய்கிறது.

உங்கள் வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருந்தால் இதன் தம்பியைக் கொடுத்துப் பாருங்கள்: 1 + 2/(3³−3) + 2/(6³−6) + 2/(9³−9) + … பகுதிகள் 24, 210, 720 என்று போகும். விடை 3-இன் இயல் மடக்கை வர வேண்டும். கால்குலேட்டர் வேண்டாம். அட்டவணையும் வேண்டாம். 24 என்பது 2×3×4 என்று மட்டும் சொல்லிவிட்டு, நீங்கள் டீ போடப் போய்விடுங்கள்.